உரிமை கோரப்படாத பல்வரிசை

அன்பும் மரியாதையும் நிறைந்த அண்ணன் அவர்களுக்கு, உங்கள் ஒரே தங்கை எழுதுவது.

இங்கே யாரும் நலம் இல்லை. அங்கே நீங்களும் அண்ணியும் நலமாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் வருகிற வெள்ளிக்கிழமை காலை ரயிலில் இரண்டு பெட்டிகளோடு நான் வந்து இறங்குகிறேன். திரும்பிப் போகிற எண்ணம் இல்லை. மாடி அறையில் நீங்கள் போட்டு வைத்திருக்கும் உடைந்த மின்விசிறியையும் பழைய செய்தித்தாள் கட்டுகளையும் அதற்குள் அப்புறப்படுத்திவிடுங்கள். முழங்கால் வலியோடு இருக்கும் அண்ணியை மாடி ஏற விடாதீர்கள், நீங்களே செய்யுங்கள். என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். அப்படிக் கேட்க உரிமை இல்லாத ஒரே ஆள் நீங்கள்தான். முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் "தங்கமான மனுஷன், வாயே திறக்க மாட்டார்" என்று நற்சான்று கொடுத்து இவரை எனக்குக் கட்டிவைத்தது நீங்கள். போன செவ்வாய்க்கிழமை அந்த வாய் திறந்தது. பார்த்த அதிர்ச்சி எனக்கு இன்னும் தீரவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். உங்கள் மாப்பிள்ளை நாற்பது வருஷம் தையல் கடையில் கட்டிங் மாஸ்டராக நின்றவர். காலையில் கடையைத் திறந்ததும் உதட்டில் நாலைந்து குண்டூசியைக் கவ்வினால், சாயங்காலம் ஷட்டரை இறக்கும்போதுதான் எடுப்பார். யார் என்ன கேட்டாலும் "ம்", "ம்ஹும்", இரண்டே பதில். வீட்டுக்கு வந்தாலும் அதே இரண்டுதான். சிரிப்பு வந்தால் மீசை மட்டும் ஒரு பக்கமாக அசையும். குடும்பப் போட்டோ எடுத்தால் எல்லாரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க, இவர் மட்டும் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர் மாதிரி நிற்பார். தொழில் பழக்கம், ஊசியை விழுங்கிவிடாமல் இருந்தால் சரி என்று நானும் இருந்துவிட்டேன். ஆறு மாதத்துக்கு முன்னால் கடையைக் கூட்டாளியிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டோடு வந்து உட்கார்ந்தார். குண்டூசி போயிற்றே, இனிமேலாவது நாலு வார்த்தை பேசுவார் என்று ஆசையாகக் காத்திருந்தேன். பேசவில்லை. அதற்குப் பதிலாகச் செவ்வாய்க்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டு வர ஆரம்பித்தார்.

அதில் ஒரு செவ்வாய்க்கிழமை வலது கன்னம் வீங்கி, வாய்க்குள் பஞ்சைக் கடித்துக்கொண்டு வந்து நின்றார். "என்னங்க இது, கீழ விழுந்தீங்களா?" என்றேன். "ம்" என்றார். "எங்க விழுந்தீங்க?" என்றேன். "ம்ஹும்" என்றார். அடுத்த செவ்வாய்க்கிழமை இடது கன்னம் வீங்கி வந்தார். ஒரு மனிதர் அடுத்தடுத்த வாரத்தில் இரண்டு பக்கமும் ஒரே அளவாக விழுவாரா என்று யோசித்தேன். தையல்காரர் ஆயிற்றே, இரண்டு பக்கமும் சமமாக வரட்டும் என்று பார்த்து விழுந்திருப்பார் என்று நானே என்னைத் தேற்றிக்கொண்டேன். அதற்குப் பிறகு ஆப்பிளைக் கடிப்பதில்லை. ரொட்டியைப் பொத்தான் அளவுக்குக் கத்திரித்துத்தான் சாப்பிட்டார். குளியலறையில் வாய் கொப்பளிக்கும் மருந்து ஒரு புட்டி வந்தது. புட்டி கழுவும் பிரஷ் இருக்கிறதே, அதன் குட்டி மாதிரி விரல் நீளத்தில் ஆறு பிரஷ் வந்தது. கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடி ஒன்று வந்தது. அறுபத்தொரு வயசு ஆம்பிளை கண்ணாடி வாங்கினால் பெண்சாதி என்ன நினைப்பாள், நீங்களே சொல்லுங்கள். நினைத்தேன். நினைத்ததை எழுத எனக்குக் கை கூசுகிறது.

பிறகு பாத்திரம் கழுவும் தொட்டியின் சல்லடையில் நீல நிறத்தில் மிளகு அளவு ரப்பர் வளையம் ஒன்று கிடந்தது. குழாயைக் கழற்றிப் பார்த்தேன், அதில் உள்ளது இல்லை. குக்கரில் உள்ளதும் இல்லை. உடனே அதற்குச் சீட்டு எழுதிக் கட்டினேன். என் வேலை உங்களுக்குத் தெரியும். பேருந்து நிலையத்தில் தவறவிட்ட பொருள்களுக்கான கவுண்டரில் இருபத்தெட்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவள் நான். யாருடையது என்று தெரியாத பொருள் கையில் கிடைத்தால், என்ன பொருள், எங்கே கிடைத்தது, எந்தத் தேதி, எடுத்தவர் யார் என்று சீட்டில் எழுதி நூலால் கட்டாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. உரியவர் வந்து "என்னுது" என்று சொன்னால் மட்டும் கொடுத்துவிட முடியாது. கறுப்புக் குடை கேட்டு வருகிறவரிடம், உள்ளே நாற்பது கறுப்புக் குடை இருக்கிறது, உங்களுடையதற்கு என்ன அடையாளம் என்று கேட்க வேண்டும். அமைச்சரே வந்தாலும் நான் அப்படித்தான் கேட்டிருப்பேன். அந்த ரப்பர் வளையத்தைச் சீட்டோடு அலமாரியில் வைத்தேன். யாரும் கேட்டு வரவில்லை.

அதற்கு அடுத்த வாரம் நடந்ததைக் கொஞ்சம் உட்கார்ந்துகொண்டு படியுங்கள். பூச்சி உருண்டை போடலாம் என்று அவருடைய கம்பளிச் சட்டையை அலமாரியிலிருந்து எடுத்து உதறினேன். உள்ளேயிருந்து ஒரு மனிதனின் வாய் கட்டிலில் விழுந்தது. ஆமாம் அண்ணா, வாய்தான். மேல் வரிசை ஒன்று, கீழ் வரிசை ஒன்று, ஈறோடு, அண்ணத்தோடு, வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பில் செய்தது போல. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. யாருடைய பல் இது, ஆள் எங்கே, மீதியை எங்கே வைத்திருக்கிறார் என்றெல்லாம் மனசு ஓடியது. கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தேன். ஐந்து நிமிஷம் கழித்துத்தான் எனக்கு மூச்சே வந்தது. வந்ததும் சீட்டு எழுதினேன். "பொருள்: பல் செட், மேலும் கீழும், வெள்ளை. கிடைத்த இடம்: கம்பளிச் சட்டையின் இடது கைக்குள்." சாப்பாட்டு மேஜையின் நடுவில், உப்புக் குப்பிக்குப் பக்கத்தில், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்தேன். எல்லாரும் என்றால் நானும் அவரும்தான்.

மத்தியானம் சாப்பிட வந்தவர் அதைப் பார்த்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்துவிட்டது. "என்னுதுதான்" என்றார். நானாவது அப்போதே விட்டிருக்கலாம். பழக்கம் விடுகிறதா? "அடையாளம் சொல்லுங்க, தரேன்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், உட்கார்ந்து ரொட்டியைக் கத்திரிக்க ஆரம்பித்துவிட்டார். ஏழு நாள், அண்ணா. கவுண்டர் விதிப்படி ஏழு நாள் அவகாசம். ஏழு நாளும் மூன்று வேளையும் அந்த வாய் எங்களைப் பார்த்து இளித்துக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் அதற்கு இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஒரு வார்த்தை சொல்லவில்லை அந்த மனுஷன். எட்டாம் நாள் அவரிடம் சொல்லிவிட்டே அதைப் பழைய துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய், முறைப்படி, பேருந்து நிலையக் கவுண்டரில் ஒப்படைத்துவிட்டு வந்தேன். எனக்கு அடுத்து அந்த நாற்காலிக்கு வந்தவளுக்கு வேலை கற்றுக்கொடுத்ததே நான்தான். அவள் சீட்டைப் படித்துவிட்டு, "ஏன் அக்கா, வீட்டுக்குள்ள கிடைச்சதை இங்க எடுத்துக்கலாமா?" என்று கேட்டாள். "எங்க கிடைச்சாலும் விதி ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. பத்தரை மணிக்குப் போன் வந்தது. "அக்கா, நீங்க குடுத்த பொருளுக்கு ஆள் வந்துட்டாங்க" என்றாள். யார் என்றேன். "எப்படிச் சொல்றதுன்னு தெரியல அக்கா, உங்க வீட்டுக்காரர்தான். பல்லு டாக்டரம்மா அவரு பல்லை அச்செடுத்து இரவல் குடுத்த மாடலாம், இன்னைக்குத் திருப்பிக் குடுத்தாகணுமாம்" என்றாள். அப்போதும் நான், "அடையாளம் கேட்டியா?" என்றுதான் கேட்டேன். "நீங்க கத்துக்குடுத்தபடியே கேட்டேன் அக்கா. மேல முன்பல்லு ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருக்கும், எடது கோரைப்பல்லு வரிசைக்கு வெளிய மேல முளைச்சிருக்கும், கீழ நாலு பல்லு ஒண்ணை ஒண்ணு இடிச்சிட்டு நிக்கும்னு கரெக்டாச் சொன்னாரு. ஏழு நாள் மேஜைல இருந்துச்சுன்னு சீட்டுல எழுதியிருந்தீங்களே, பாத்துட்டு யாரும் சொல்லலாமேன்னு, நிரூபிக்கச் சொன்னேன். வாயைத் திறந்து காட்டினாரு. பொருந்துச்சு. வரிசைல நின்ன பதினோரு பேரும் எட்டிப் பாத்துப் பொருந்துதுன்னு சொன்னாங்க. மாடல்ல மட்டும் நாலு பல்லு கூடுதலா இருந்துச்சு, அதுக்கும் விளக்கம் எழுதி வாங்கிட்டேன்" என்றாள். நல்லபடியாகத்தான் வேலை கற்றுக்கொண்டிருக்கிறாள். நான் போனை வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு மணிக்கு அவர் வந்தார். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார். நான் சூப்பை ஊற்றிக்கொண்டிருந்தேன். முப்பத்து மூன்று வருஷத்தில் முதல் தடவையாக என் முகத்துக்கு நேராக வாயைத் திறந்தார். அண்ணா, உள்ளே முழுக்க இரும்பு. பல்லுக்கு ஒன்றாகச் சதுரத் துண்டு ஒட்டியிருக்கிறது, அதையெல்லாம் கோத்துக்கொண்டு இந்தக் காதிலிருந்து அந்தக் காதுவரை கம்பி ஓடுகிறது, துண்டு ஒவ்வொன்றையும் சுற்றி ஊதா நிறத்தில் வளையம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுவார்களே, கிளிப், அதேதான். என் கையிலிருந்த கரண்டி விழுந்து சூப்பு அவர் மடியில் கொட்டிவிட்டது. அதைக்கூடத் துடைக்காமல், "பல்லை வரிசையாக்க இன்னைக்குக் கம்பி கட்டியிருக்கு. ஒண்ணரை வருஷம் இருக்கும். இதைப் படிச்சிப் பாரு" என்று சொல்லி ஒரு சின்னப் புத்தகத்தை நீட்டினார். குண்டூசியை எடுத்த மனிதர் வாய்க்குள் கம்பியை வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். உலோகம் இல்லாமல் இவரால் இருக்க முடியாது போலிருக்கிறது.

புத்தகத்தைப் படித்தேன். கம்பி கட்டிக்கொள்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சொற்களாம். ஒவ்வொரு சொல்லுக்கும் எனக்கு ஒரு அதிர்ச்சி. பல் ஏறுக்கு மாறாக நிற்பதற்கு நெருக்கடி என்று பெயர். பல்லுக்குத் தாடையில் இடம் போதவில்லை என்றால் இடம் பண்ணுவதற்காக நாலு பல்லைப் பிடுங்குவார்களாம். ஆகக் கன்னம் வீங்கியது விழுந்ததால் இல்லை. ஸ்பேசர் என்பது கடைவாய்ப் பற்களுக்கு நடுவே சந்து உண்டாக்கச் செருகி வைக்கும் ரப்பர் வளையம், சில சமயம் தானாகக் கழன்றும் விழும். நான் சீட்டுக் கட்டி அலமாரியில் வைத்திருக்கிறேனே, அது. பல்லில் ஒட்டிய துண்டுக்கு பிராக்கெட் என்றும், அதன் வழியாக ஓடும் கம்பிக்கு ஆர்ச் வயர் என்றும் பெயர். பல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு போவது அந்தக் கம்பிதான். லிகேச்சர் என்பது கம்பி பிராக்கெட்டை விட்டு நழுவாமல் கட்டும் குட்டி வளையம், நோயாளி தனக்குப் பிடித்த நிறத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாமாம். நாற்பது வருஷம் சாம்பல் நிறத்தைத் தவிர வேறு கோட்டுத் துணியைக் கையால் தொடாதவர், வாய்க்கு ஊதா தேர்ந்தெடுத்திருக்கிறார். கம்பி முனை கன்னத்தில் குத்தினால் மெழுகை உருட்டி அதன் மேல் அப்ப வேண்டும். போகப்போக மேல் பல்லுக்கும் கீழ் பல்லுக்கும் ரப்பர் பேண்ட் மாட்டுவார்களாம், நம் வீட்டில் கடிதக் கட்டுக்கு மாட்டுவது போல. கடைசியில் ரிட்டெய்னர். கம்பியைக் கழற்றிய பிறகு அதைப் போட்டுக்கொள்ளாவிட்டால் பல் பழைய இடத்துக்கே நகர்ந்து போய்விடும். எத்தனை வருஷம் ஆனாலும் பல்லுக்குப் பழைய இடம் மறக்காதாம். பெண்சாதியிடம் ஒரு வார்த்தை சொல்ல மட்டும் இவருக்கு மறந்துவிட்டது.

நான் கம்பிக்காக வீட்டை விட்டு வரவில்லை அண்ணா. வேண்டுமானால் காதிலும் மூக்கிலும் கட்டிக்கொள்ளட்டும். முப்பத்து மூன்று வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் என் புருஷனின் முன்பல் ஏறியிருக்கிறதா, கோரைப்பல் எங்கே முளைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. டாக்டரம்மாவுக்குத் தெரிகிறது. கவுண்டர்க்காரிக்குத் தெரிகிறது. பேருந்துக்கு நேரமாகிறது என்று குடையும் பையும் கேட்டு வந்த, முன்பின் தெரியாத பதினோரு பேருக்குத் தெரிகிறது. என்னிடம் மட்டும் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. நான் அடையாளம் கேட்டபோது வாயைத் திறந்து காட்டியிருந்தால் கவுண்டருக்குப் போயிருப்பேனா? "ஏன் எங்கிட்ட மறைச்சீங்க?" என்று நேற்று முழுக்கக் கேட்டுவிட்டேன். "ம்ஹும்." எனக்கு அழுகை அழுகையாக வருகிறது. நான் அவருக்கு யாரோ என்றுதான் அர்த்தம். யாரோ வீட்டில் நான் எதற்கு இருக்க வேண்டும்? எப்படிப்பட்ட ஆளைத் தேடிப்பிடித்து என் தலையில் கட்டினீர்கள் என்பதை, மாடி அறையைப் பெருக்கும்போதாவது நினைத்துப் பாருங்கள்.

அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள், முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு ரயில் நிலையத்தில் நில்லுங்கள். நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நூறு வருஷம் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் பாவப்பட்ட தங்கை

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் வாசல் மணி அடித்தது. கவுண்டரில் எனக்கு அடுத்து வந்தவள்தான். பொருளைத் திருப்பிக் கொடுத்தால் கண்டெடுத்தவரின் கையெழுத்தும் வாங்க வேண்டும், அதற்காகப் படிவத்தோடு வீடு தேடி வந்திருக்கிறாள். படிக்காமல் நான் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை, படித்தேன். கடைசியில் ஒரு கேள்வி உண்டு. "இப்பொருளை உங்களிடம் இதற்கு முன்பு பார்த்தவர் யார்?" என்று. அதைச் சேர்க்கச் சொல்லி மேலதிகாரிக்கு மூன்று மனு எழுதியவளே நான்தான். அதற்கு எதிரே அவருடைய எழுத்தில், "என் மனைவி. ஒரே ஒரு தடவை. கல்யாணமான மூன்றாம் நாள், பேருந்தில்" என்று இருந்தது.

அண்ணா, எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. அவள் பேனாவை நீட்டிக்கொண்டே நிற்கிறாள், நான் எழுத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிறகு ஞாபகம் வந்தது. ஜன்னலோரம் நான், பக்கத்தில் இவர். என்னவோ நினைத்து வாய்விட்டுச் சிரித்தார், பேருந்தே திரும்பிப் பார்க்கிற மாதிரி. முன் இருக்கையில் இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள். எனக்கு இருபத்து நாலு வயசு, யார் பார்த்தாலும் கூச்சம். "வாயை மூடுங்க, பல்லு தெரியுது" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் மறந்தும் போனேன். அவர் மூடினார், மூடியவர் மூடியவர்தான். பிறகு குண்டூசி ஒரு சாக்காகக் கிடைத்துவிட்டது. கண்டெடுத்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து அவளை அனுப்பிவிட்டேன். வெள்ளிக்கிழமை நான் வரவில்லை. உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை, மேலே எழுதியதையெல்லாம் படிக்காததாக வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போனேன். அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். "அன்னைக்கு பஸ்ல எதுக்குங்க சிரிச்சீங்க?" என்று கேட்டேன். எந்த பஸ் என்று அவர் கேட்கவில்லை. "சும்மாதான்" என்றார். "சொல்லுங்க" என்றேன். "சந்தோஷமா இருந்துச்சு" என்றார். சொன்ன வேகத்தில் கம்பி முனை கன்னத்தில் குத்த, கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்தக் கையை எடுத்து மடியில் வைத்தேன். மெழுகைக் கிள்ளி உருட்டி விரல் நுனியில் வைத்துக்கொண்டு, "நல்லா வாயைத் திறங்க, பல்லு தெரியட்டும்" என்றேன். திறந்தார்.